யாரை நிறுத்திவைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியதைக் கிண்டல் செய்து எழுதியிருந்தீர்கள். நான் முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் இருந்தவன். கேட்க ஆளில்லாத இடத்தில் வேலை நடக்காது. எல்லோரும் தேர்ச்சி என்றால் ஆசிரியர் எதற்காக மெனக்கெடுவார்? தமிழ்நாடு பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது சரியா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

கல்லாவில் பணம் குறைந்தால் காசாளரைக் கேட்பீர்களா, வரிசையில் நின்றவரைக் கேட்பீர்களா? அந்த விதியைப் படித்துப் பாருங்கள். தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. வகுப்பாசிரியர் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும். தலைமையாசிரியர் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியல் வைத்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஓராண்டை இழக்கிறது. பெரியவர்கள் ஒரு பட்டியல் எழுதுகிறார்கள்.

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றபோது, தொடர் மதிப்பீட்டையும் சேர்த்தே சொன்னது. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அவ்வப்போது பார்த்துக் கைகொடுங்கள் என்பது அதன் பொருள். முதலாவது செலவில்லாதது, உடனே நடந்தது. இரண்டாவது பல இடங்களில் பருவக் கடைசியில் ஒரே உட்காரலில் நிரப்பும் பதிவேடாகிப்போனது. நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்தப்படும் 'அசர்' ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்கத் திணறுகிறார்கள். 'எல்லோரும் தேர்ச்சி' இதை மறைத்தது என்றால் மறுக்க மாட்டேன்.

ஆனால் கணக்குக் காட்ட வேண்டிய நேரத்தில் நம் அரசுகள் என்ன செய்தன? 'பிசா' என்ற சர்வதேசத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இரண்டும் அடியில் கிடந்தன. கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அடுத்த சுற்றுகளுக்கு இந்தியா போகவேயில்லை. தேறாத பிள்ளை இப்படிப் பரீட்சைக்கே வராமல் நின்றுகொண்டால் விடுவோமா?

ஆசிரியர்களைத் திட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. கல்விக்குத் தொடர்பில்லாத வேலையைத் தரக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றும் விலக்கு. அந்த மூன்றாவது வழியாகத்தான் வாக்காளர் பட்டியல் வேலை வகுப்பறைக்குள் நுழைகிறது. போதாததற்கு, பள்ளி விவரங்களை அரசின் இணையத்தளத்தில் ஏற்றும் 'எமிஸ்' பதிவு. காலையில் முதல் மணி அடித்ததும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடி வராந்தாவில் நடக்கும் ஆசிரியையைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நாற்பது பிள்ளைகள். வருகைப்பதிவு ஏறாவிட்டால் மேலிருந்து உடனே கேள்வி வரும். ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று யாரும் அழைத்துக் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு அவர்களே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படியொரு குழுவில் உறுப்பினர். ஒருமுறை துணைக்குப் போயிருந்தேன். தீர்மானப் புத்தகம் முத்து முத்தான கையெழுத்தில் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது, 'ஏகமனதாக நிறைவேறியது' என்பது உட்பட. நூறுநாள் வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் சரளமாக வாசிப்பார்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை கோபப்படவில்லை. "அது இன்றைய பொருளில் இல்லையே, சார்" என்றார். கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் பற்றிய தீர்மானத்துக்குப் போனோம். அது தேவையான தீர்மானம்தான். குழாய் அடுத்த மாதமே வந்துவிட்டதாகக் கேள்வி.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படியொரு புத்தகம் இருக்கும். முப்பது ஆண்டுகள் புத்தகம் புரட்டியவர் நீங்கள். ஒருநாள் போய்ப் பாருங்களேன்.