வெறும் துணையா?

கேள்வி: என் அக்கா மகன் பிரிட்டோரியாவில் ஒரு அரசுத் துறையில் டைரக்டராக இருக்கிறான். அப்படியே மேலே போய் துறையின் தலைமை அதிகாரியான டைரக்டர் ஜெனரல் ஆவது பெரிதா, அரசியலில் இறங்கி வெறும் துணை அமைச்சர் ஆவது பெரிதா? - சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: ‘வெறும்’ என்று எழுதிவிட்டீர்களே அம்மா, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியாரைத் துணைக்கோடல் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே தேடிப் போகிறவர் அரசர், துணையாக வருகிறவர்தான் பெரியவர். எழுத்திலும் பாருங்கள், துணைக்கால் என்று ஒன்று இருக்கிறது, தனியாக நின்றால் அதற்கு ஒலியே கிடையாது. ஆனால் போன மாதம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் அதை மறந்துவிட்டு ‘பட்டி வீட்டில் பல் குடித்தேன்’ என்று எழுதிக்கொண்டு வந்தான்! பாட்டியும் போனாள், பாலும் போயிற்று. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டே இரண்டு கால்களையும் போட்டுக் கொடுத்தான். இனி ஆயுளுக்கும் மறக்க மாட்டான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்புங்கள், பெஞ்சுகள் பாதி காலியாகத்தான் கிடக்கின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் பல வருடமாக என்னோடு சண்டை போடுகிறார், இலங்கையில் சொல்வதுபோல ‘பிரதி அமைச்சர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். இலங்கைக்கு அது சரியாக இருக்கலாம், நமக்குச் சரிப்படாது. பிரதி என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவு துணை அமைச்சரை நியமிப்பது அமைச்சருக்கு உதவுவதற்காக. அவர் அமைச்சரவையில் உறுப்பினரே இல்லை. அமைச்சர் ஊரில் இல்லாவிட்டால் அந்த அதிகாரத்தை 98ஆம் பிரிவின்படி இன்னொரு அமைச்சரிடம்தான் ஜனாதிபதி கொடுக்க முடியும், பக்கத்து அறையிலேயே இருக்கும் துணை அமைச்சரிடம் கொடுக்க முடியாது. பதிலாக நிற்க முடியாதவரை எப்படி ஐயா பிரதி என்பது?

துணை அமைச்சர்களின் எண்ணிக்கை அதிகம் என்று சொன்னால் நானும் சேர்ந்து கத்துகிறேன். 2024இல் பல கட்சிகள் சேர்ந்து அரசு அமைத்தபோது அமைச்சர்கள் 32 பேர், துணை அமைச்சர்கள் 43 பேர்! சில அமைச்சர்களுக்கு இரண்டு துணை. இத்தனை பேர் தேவையே இல்லை. அதற்காகப் பதவியையே மட்டமாகப் பேசக் கூடாது. நம் ராய் படையாட்சி 2004இல் தகவல் தொடர்புத் துறைக்குத் துணை அமைச்சராகத்தான் வந்தார். 2010இல் அதே துறைக்கு அமைச்சரானார். மறு வருடம் அரசு ஊழியர்கள் எல்லோருக்குமான பொதுச் சேவைத் துறையே அவர் கைக்கு வந்தது. 2012 மே மாதம் அடிஸ் அபாபாவில் இறக்கும்போதும் அந்தப் பொறுப்பில்தான் இருந்தார். பிரவீன் கோர்தன் வந்தது வேறு வழி. வரித்துறையில் துணை ஆணையராகச் சேர்ந்து, 1999 முதல் பத்து வருடம் ஆணையராக இருந்து, 2009இல் நிதி அமைச்சரானார். வரித்துறையில் அவருக்கும் முதல் படி துணைதான்.

சரி, எது பெரிது? கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பார்த்தால் டைரக்டர் ஜெனரல். 1999ஆம் வருட அரசு நிதி மேலாண்மைச் சட்டப்படி துறையின் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான், ஒரு ராண்ட் தப்பாகப் போனாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவரை நியமிப்பதும் ஜனாதிபதிதான், ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து வருடம். ஆகவே அதுவும் நிரந்தர நாற்காலி இல்லை. துணை அமைச்சர் பதவியோ ஒரே இரவில் போய்விடலாம். அதற்கு ஆசைப்பட்டுத் தேர்தலில் நின்று எம்.பி. ஆனால் இப்போதைய வேலையையும் விட்டுவிட வேண்டும். நல்லாக் கணக்குப் பார்க்கிற பையனாக இருந்தால் இருக்கிற இடத்திலேயே ஏறச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அரசு வேலையின் சம்பளப் படிவரிசையில் டைரக்டர் இருப்பது 13ஆம் படியில். 14 சீஃப் டைரக்டர், 16தான் டைரக்டர் ஜெனரல். நடுவில் இருக்கும் 15ஆம் படிக்குப் பெயர் துணை டைரக்டர் ஜெனரல். கீழே பார்த்தாலும் டைரக்டருக்கு முந்தைய படி துணை டைரக்டர். உங்கள் பையன் அதில் உட்கார்ந்த அன்று தெருவெல்லாம் லட்டு கொடுத்திருப்பீர்களே அம்மா, அன்றைக்கு ‘வெறும்’ என்றா சொன்னீர்கள்?