காய் விடத் தெரிகிறது, பழம் விடத் தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. படிப்பில் குறையே இல்லை. ஆனால் யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறான் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். பக்கத்துப் பையன் கேட்காமல் ரப்பரை எடுத்துவிட்டான் என்று மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை. அந்தப் பையன் தன் பிறந்தநாளன்று சாக்லேட் நீட்டியபோது என் மகன் கையைத் தட்டிவிட்டான். அந்தப் பையன் அழுது, பெரிய புகாராகிவிட்டது. வீட்டில் நாங்கள் மகன் எதிரில் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எனக்கும் கணவருக்கும் பேச்சு நின்று ஒரு வருடம் ஆகப்போகிறது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பையனிடம் சொல்லி அனுப்பிவிடுவேன், அவரும் அப்படித்தான். அவர் கை நீட்டுபவரோ குடிப்பவரோ இல்லை. மாமியார் ஊருக்குப் போனபிறகு வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. மகனை ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்க்கலாமா, அல்லது பள்ளியை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, முருகேஷ்பாளையா, பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகனைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். கணவரைப் பற்றிய வரி நடுவில் வந்த வேகத்தில் போய்விடுகிறது. என் கண் அங்கேயே நின்றுவிட்டது: "பையனிடம் சொல்லி அனுப்பிவிடுவேன்."

கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ராத்திரி எட்டரை மணியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். நீங்கள் சமையலறையில், அவர் ஹாலில். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா." பையன் ஓடுகிறான். "எனக்குப் பசியில்லைன்னு சொல்லு." திரும்பி ஓடி வருகிறான். நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை, குக்கர் மூடியை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைக்கிறீர்கள். அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவனுக்குத் தெரியும். அடுத்த தடவை அப்பா சொன்னதை அப்படியே சொல்லமாட்டான். "அப்பா இதோ வர்றேன்னாங்கம்மா" என்று தானாக ஒரு வார்த்தை சேர்த்து, தணித்துச் சொல்வான். பெரியவர்கள் இரண்டு பேருடைய கோபத்தை 7 வயதுப் பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு, சிந்தாமல் இங்கும் அங்கும் நடக்கிறது. அவன் எதிரில் சண்டை போட்டதில்லை என்கிறீர்கள். அம்மா, அவன் வழியாகத்தானே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

பள்ளியில் அவன் என்ன செய்தான் என்று திரும்பவும் பாருங்கள். மனசுக்குப் பிடிக்காத ஒன்று நடந்தது. அவன் கத்தவில்லை, டீச்சரிடம் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான், மூன்று வாரம். வருத்தம் வந்தால் மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று வீட்டில் பார்த்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான். நம் பிள்ளைகள் விளையாட்டில் 'காய்' விடுவார்கள், கொஞ்ச நேரத்தில் 'பழம்' விடுவார்கள். உங்கள் மகனுக்குக் காய் நன்றாகத் தெரிகிறது. எதிரில் ஒருவன் சாக்லேட் நீட்டினால் அதுதான் பழம் என்பது அவனுக்குப் புரியவில்லை. அவன் கண்முன்னால் யாரும் பழம் விட்டதே இல்லையே.

மார்க் கம்மிங்ஸ், பேட்ரிக் டேவிஸ் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். பெற்றோர் பிணக்கு பிள்ளையை எப்படித் தொடுகிறது என்பதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். பெற்றோருக்குள் மனத்தாங்கல் வந்தால், யார் பக்கம் நியாயம் என்று பிள்ளை பார்ப்பதில்லை, இந்த வீடு நிற்குமா என்றுதான் உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிறது. 1994-இல் அவர்கள் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கோபமும், கத்தும் கோபத்தைப் போலவே பிள்ளையைக் கலக்குகிறது என்று கம்மிங்ஸின் ஆய்வுகள் காட்டின. அதே பிள்ளை, சண்டை தீர்ந்து இருவரும் சமாதானமாவதைப் பார்த்தால் அந்தக் கலக்கம் பெருமளவு வடிந்துவிடுகிறது. சண்டையே இல்லாத வீடு எங்கும் கிடையாது. முடிவே தெரியாமல் நீளும் பிணக்குதான் பிள்ளையை உள்ளே அரிக்கிறது.

இன்னொரு சோதனையும் சொல்ல வேண்டும். எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்தது. ஒரு தாய் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையையே பார்க்கிறாள், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. சத்தம் போடுகிறது. எதற்கும் அம்மா அசையவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் சுருங்கிவிடுகிறது. தாய் மறுபடி சிரித்ததும் மெதுவாகத் திரும்பி வருகிறது. நல்ல தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில்கூட ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத நேரம்தான் அதிகம், அதை உடனுக்குடன் சரிசெய்துகொள்வதில்தான் பிள்ளையின் மனம் உரம் பெறுகிறது என்பதும் டிரோனிக் கண்டு சொன்னதே. அந்தக் குழந்தைக்குச் சில நிமிடம். உங்கள் மகனுக்கு ஒரு வருடம் ஆகப்போகிறது.

இதில் பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அவன் பள்ளியில் ஆங்கிலம் பேசுவான், கீழே விளையாடும்போது கன்னடமோ இந்தியோ பேசுவான். தமிழ் காதில் விழும் ஒரே இடம் உங்கள் வீடு. நீங்கள் இருவரும் பேசிக்கொண்டால்தான் 'சங்கடமா இருந்துச்சு', 'நான் அப்படி நினைச்சு சொல்லலை', 'சரி விடு' என்பதெல்லாம் அவனுக்குச் சொத்தாகச் சேரும். இப்போது அவன் கேட்கும் தமிழில் 'சாப்பாடு ரெடி', 'கேஸ் தீர்ந்துடுச்சு', 'சாவி எங்கேன்னு கேளு' மட்டும்தான் மிச்சம். ரப்பரை எடுத்தவனிடம் "என்னைக் கேட்காம எடுத்தது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்ல, அந்த வாக்கியத்தை அவன் ஒரு முறையாவது யார் வாயிலாவது கேட்டிருக்க வேண்டும்.

மாமியார் போனபிறகு அமைதி என்கிறீர்கள். அது உங்களுக்கு அமைதி. அவனோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேச அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் பாட்டியோ என்னவோ! தினமும் பத்து நிமிடம் அவரோடு போனில் பேசவிடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருந்தாலும் சரி.

என் சிறுவயதில் எங்கள் வீட்டிலும் சண்டை வரும், சில நாள் பலமாகவே வரும். மறுநாள் காலையில் அப்பா யாரும் சொல்லாமலே அரிவாள்மனையை எடுத்துப்போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பிப்பார். அம்மா ஒன்றும் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம்" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் தம்பிக்கும் வயிற்றில் இருந்த கல் இறங்கிவிடும். இருவரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் தீர்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் வகுப்பு வேண்டாம். இன்று ராத்திரியிலிருந்து அவனைத் தூது அனுப்புவதை நிறுத்துங்கள். சொல்ல வேண்டியதை நீங்களே பத்தடி நடந்துபோய்ச் சொல்லுங்கள். "சாப்பிட வாங்க" என்ற இரண்டு வார்த்தை போதும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து. முதல் நாள் தொண்டையில் சிக்கும், எனக்குத் தெரியும். அவனிடமும் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: "எனக்கும் அப்பாவுக்கும் கோபம் இருந்துச்சு. அது உன்னால வரலை. நாங்க சரிபண்ணப் பார்க்கிறோம்." தன்னால்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வது சகஜம். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததால் அந்த எண்ணம் வெளியே வருவதில்லை.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரும் படிக்கட்டும். ஆபீஸ் முடிந்து இந்த ஊர் டிராஃபிக்கில் வீடு வந்து சேர்பவரின் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 'பசியில்லைன்னு சொல்லு' என்று பையனைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் நீங்களும் அதே தபாலைத்தான் அவன் கையில் கொடுக்கிறீர்கள், ஐயா. மனைவியிடம் பேச இன்னும் மனம் வரவில்லை என்றால் மகனிடமாவது பேசுங்கள், இன்று ஸ்கூலில் யாரோடு உட்கார்ந்தான் என்று கேட்டு.

உங்கள் இருவருக்குள் இருப்பது ஒரு 'சாப்பிட வாங்க'வில் தீராதது என்றால், தீர உதவுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனி மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமையிடம். பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மூன்று பேருமாகப் போங்கள்.

பள்ளியை மாற்றும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சாக்லேட் நீட்டிய அந்தப் பையன் அங்கேதான் இருக்கிறான்.