லெஸ்டரில் பார்த்த பீம்-பிளாக் தரை பட்டர்வொர்த் சமையலறைக்குச் சரிப்படுமா?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் டெரஸ் (வரிசை) வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையின் தரை வருடா வருடம் இறங்குகிறது. இங்கிலாந்தின் லெஸ்டரில் மகள் வாங்கிய புது வீட்டுக்குக் கான்கிரீட் பீம்களை வரிசையாக வைத்து, இடையில் பிளாக் அடுக்கித் தரை போட்டதைப் பார்த்தேன். கீழே மண்ணே இல்லை, காலி இடம்தான். இங்கே அப்படிப் போட்டால் இறங்காதுதானே?

பதில்:

அந்தத் தரையைத் தாங்குகிற சுவர் இறங்காமல் இருந்தால் தரையும் இறங்காது அக்கா. உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் இதைக் கொட்டேஷன் கொடுக்க வருகிற யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். செபராங் பிறை பக்கம் வீடு இழுத்துக் கட்டுகிற வேலைகளில் சைட்டைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில் நீங்கள் சொல்கிற தரையையும் போட்டிருக்கிறோம்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், தலைகீழ் 'டி' வடிவத்தில் 150 மி.மீ. உயர பீம்கள் தொழிற்சாலையிலிருந்து வரும். அகலமான பக்கம் கீழே. அதற்குள் இருக்கும் கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு விடுவார்கள், அதனால் கான்கிரீட் எப்போதும் நெருக்கப்பட்ட நிலையில் இருக்கும், நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்தும் இருக்கும். இரண்டு பீமுக்கு நடுவில் 440 x 215 x 100 மி.மீ. அளவுள்ள சாதாரண சுவர் பிளாக்கைச் சொருகி, மேலே சிமெண்ட்-மணல் கூழை ஊற்றித் துடைப்பத்தால் இழுத்து இடுக்குகளை நிரப்புவார்கள். அதற்கு மேல் ஸ்கிரீட், அதாவது தரையைச் சமப்படுத்துகிற சிமெண்ட்-மணல் பூச்சு. பலகை அடிக்க வேண்டாம், கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம், காலையில் ஆரம்பித்தால் ஒரு வீட்டின் தரையில் மாலையே நடக்கலாம்.

இங்கிலாந்தில் இது பரவியதற்குக் காரணம் அவர்கள் ஊர் மண். அங்கே பல இடங்களில் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். தரைக்குக் கீழே 600 மி.மீ.க்கு மேல் மண் கொட்ட வேண்டியிருந்தால், மண்ணில் உட்காராமல் சுவர்களில் தாங்கி நிற்கிற தொங்கு தரைதான் போட வேண்டும் என்று புது வீடுகளுக்கு உத்தரவாதம் கொடுக்கிற என்எச்பிசி விதி வைத்திருக்கிறது. கீழே 150 மி.மீ.யாவது காலி இடம் விட்டு, சுவரில் காற்றுத் துளையும் வைப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் இறங்குவது எது என்று பாருங்கள், ஏனென்றால் தரை மட்டும் இறங்குவது வேறு நோய், கட்டடமே இறங்குவது வேறு நோய். சுவரோரம் ஸ்கர்ட்டிங் டைலுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, சுவரில் விரிசல் எதுவும் இல்லையென்றால், தரைக்கு அடியில் கொட்டிய மண் அமுங்குகிறது. பழைய வீட்டுச் சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் மேலே போகப் போக அகலமாகிற விரிசல் இருந்தால், சமையலறை மொத்தமும் வீட்டை விட்டுப் பின்னால் சாய்கிறது. பட்டர்வொர்த்தில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான். அசல் வீடு மண்ணில் ஆழமாக இறக்கிய பைல் தூண்கள் மேல் நிற்கும், பின்னால் இழுத்துக் கட்டியது ஆழமில்லாத அஸ்திவாரத்தில் மிருதுவான கடல் களிமண் மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று போகும்.

இரண்டாவது நோய் என்றால் பீம்-பிளாக் தரை உதவாது, கெடுதலும் செய்யும். கணக்குப் பாருங்கள். இப்போது உங்கள் தரையின் எடை நேராக மண்ணில் இறங்குகிறது, தொங்கு தரை போட்டால் அது முழுவதும் சுவர் வழியாக அஸ்திவாரத்துக்குப் போகும். பீமும் பிளாக்கும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ, 65 மி.மீ. ஸ்கிரீட் இன்னொரு 130 கிலோ. சமையலறை 3 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 15 சதுர மீட்டர், அதாவது ஐந்தரை டன். டைல், கேபினெட், ஃபிரிட்ஜ், தீபாவளிக்கு வந்து நிற்கிற கூட்டம் எல்லாம் தனி. ஏற்கெனவே முழுகிக்கொண்டிருக்கும் இரண்டு படகுக்கு நடுவே பலகை போட்டு, பலகை உறுதியாக இருக்கிறதே என்று நிம்மதிப்படுவது மாதிரிதான் இது.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். களிமண் அமுங்குவதற்குப் பெரிய காரணம், தரையை உயர்த்த நாம் கொட்டுகிற மண். ஒரு அடி உயரம் கொட்டினாலே சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் ஏறுகிறது, அது தரைக் கான்கிரீட்டை விடவே கனம். வெள்ளத்துக்குப் பயந்து இரண்டு அடி உயர்த்துகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. அந்த மண்ணை அள்ளிவிட்டு வெற்றிடம் விட்டுத் தொங்கு தரை போடுவது களிமண்ணுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் சுவர்கள் பைல் மேல் இருக்கிற கிரவுண்ட் பீமில் (பைல்களின் தலைகளை இணைத்துச் சுவருக்கு அடியில் ஓடுகிற கான்கிரீட் உத்திரம்) நின்றால்தான் அந்தப் பலன் கைக்கு வரும்.

சரி, பைல் அடிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் பீம்-பிளாக்கைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதன் பெரிய லாபம் பலகை அடிக்க வேண்டாம் என்பது. கீழ்த்தளத்தில் சாதாரண தொங்கு ஸ்லாபுக்கும் பலகை வேண்டியதில்லையே! மண்ணின் மேலேயே சிமெண்ட் குறைந்த கான்கிரீட்டில் ஒரு படலம் போட்டு, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பொறியாளர் சொன்ன கம்பியைக் கட்டி, கிரவுண்ட் பீமோடு சேர்த்து ரெடிமிக்ஸ் ஊற்றிவிடலாம். நாளைக்கு அடியில் மண் அமுங்கினாலும் ஸ்லாப் பீமில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரே துண்டாக இருப்பதால் தண்ணீர் இறங்கவும் வழி குறைவு. நம் வீட்டுச் சமையலறையில் பக்கெட் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவுவோம். பீம்-பிளாக் தரையில் எத்தனை இடுக்கு என்று யோசியுங்கள், நீர்த்தடுப்பு ஒரு இடத்தில் விட்டுப்போனால் தண்ணீர் கீழே வெற்றிடத்தில் தேங்கும், பிறகு கொசு, எலி, கரையான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வீட்டுக்கு அடியில் கை நுழையாத இடத்தில் டெங்கு கொசுவை வளர்க்க யாருக்கு ஆசை?

இன்னொன்று, நம் ஊர் பிளம்பர்களின் கை. குழாய் போக வேண்டும் என்றால் ஹேக்கிங் மெஷினை எடுத்து எதையும் உடைத்துவிடுவார்கள். பிளாக்கை எடுத்து வழி செய்யலாம், பீமைத் தொட்டால் போச்சு, அதன் பலமெல்லாம் அடியில் இருக்கிற மெல்லிய கம்பியில்தான். உடைத்தது யாருக்கும் தெரியாமல் டைல் மூடிவிடும்.

பழைய ஆட்கள் பைலுக்குப் பதில் பாக்காவ் (அலையாத்தி மரம்) கட்டை அடித்தால் போதும் என்பார்கள். அது எப்போதும் நிலத்தடி நீருக்குள்ளேயே இருந்தால் அழுகாது, ஆனால் கட்டை ஐந்தாறு மீட்டர்தான், கடல் களிமண்ணில் பல இடங்களில் கெட்டித் தரையை எட்டாது. பின் சந்து வழியாகப் பெரிய இயந்திரம் நுழையாத இடங்களில் சிறிய இயந்திரத்தால் துளையிட்டுப் போடுகிற மெல்லிய மைக்ரோபைல்தான் வழி, விலை கூடத்தான். புதுக் கட்டடத்தைப் பழைய சுவரோடு கம்பி வைத்துக் கட்டிவிடாமல் நடுவில் இணைப்பு இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறங்குகிறது நிற்கிறதையும் இழுக்கும். மாநகர் மன்றத்தின் அனுமதியும், வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளரின் கையெழுத்தும் இல்லாமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற மெக்கின்டோஷ் புரோப் சோதனை. கையால் தூக்கிவருகிற கம்பியும் ஐந்து கிலோ சுத்தியலும்தான், கம்பி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணிக்கொண்டே போவார்கள், ஒரே 30 செ.மீ.க்கு 400 முறை அடிக்க வேண்டி வந்தால் நிறுத்துவார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரைப் பாருங்கள், அப்புறம் குத்தகையாளரிடம் விலை கேளுங்கள். அதற்கு முன்னால் வாங்குகிற கொட்டேஷனில் பைலிங்குக்கு ஒரு வரியே இருக்காது, இருந்தாலும் அது குத்துமதிப்புதான்.