அப்பாவை மெமரி கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன்… அங்கே என்ன நடக்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருடமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். போன மாதம் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கட்டிவிட்டார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மெமரி கிளினிக்கில் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று அப்பா கோபப்படுகிறார். பிரஷர் செக்கப் என்று சொல்லி அழைத்துப் போய்விடலாம் என்கிறார் அம்மா. அங்கே என்னதான் செய்வார்கள்? நான் எப்படித் தயாராவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மாவின் யோசனை மட்டும் வேண்டாம். பிரஷர் பார்க்கப் போன இடத்தில் “இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த மாசம்?” என்று கேட்டால் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு டாக்டரையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார். “மறதி கொஞ்சம் கூடின மாதிரி இருக்குப்பா. தைராய்டு கோளாறு, பி12 குறைவு இருந்தாலும் இப்படி வருமாம். பார்த்துட்டு வந்துடலாம்” என்று நேராகச் சொல்லுங்கள். சொல்வது உண்மைதான். மன அழுத்தம், தூக்க மாத்திரை, அலர்ஜிக்கும் சிறுநீர்ப் பிரச்னைக்கும் தருகிற சில மாத்திரைகள், காது மந்தம் எல்லாமே மறதி போலக் காட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதைக் கண்டுபிடிப்பதும் அந்த கிளினிக்கின் வேலைதான்.

முதலில் பேச்சு. என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, வேறு என்ன வியாதி, என்னென்ன மாத்திரை என்று விசாரிப்பார்கள். நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு பேப்பர், பென்சில். பரவலாகப் பயன்படுத்தும் டெஸ்ட்கள் சிலவற்றுக்கு மொத்தம் 30 மதிப்பெண். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பார்கள். வராவிட்டால் “அது ஒரு பூ” என்பது போலக் குறிப்பும் கொடுப்பார்கள். குறிப்பு கொடுத்ததும் வருகிறதா, அப்போதும் வரவில்லையா என்பதில்தான் டாக்டருக்கு விஷயம் இருக்கிறது.

கடிகாரம் வரையச் சொல்லி, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வதும் உண்டு. சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரித் தெரியும். ஆனால் ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் கை 10 என்ற எண்ணுக்குப் போகப் பார்க்கும். அதை அடக்கி, 2-க்கு நேராகப் பெரிய முள்ளை வைக்க வேண்டும். திட்டமிடுவது, கவனத்தை நிறுத்துவது எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. இது சொல்வதற்குத்தான் சுலபம். அப்பா பதில் தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்படித் திரும்பிப் பார்க்கிறாரா என்பதையும் டாக்டர் கவனிப்பார். பரிதாபப்பட்டு எடுத்துக் கொடுத்தால் அவருக்கு வந்த மதிப்பெண்ணில் உங்களுடையதும் கலந்துவிடும். இன்டர்நெட்டில் கேள்விகளைத் தேடி வீட்டில் ஒத்திகை பார்க்கவும் வேண்டாம்.

உங்கள் முறை வேறு இடத்தில் வரும். கூட இருப்பவர் சொல்லும் விவரம் இல்லாமல் இந்தப் பரிசோதனை முழுமையாகாது. அதை அப்பா எதிரிலேயே அடுக்கினால் அவர் கூசிப்போவார், சண்டையும் வரலாம். தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள், அல்லது முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘ஞாபகமே இல்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘போன வருஷம் வரை பேங்க் வேலையைத் தானே பார்த்தார், இப்போது பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்’ என்று எழுதுங்கள். மறதி திடீரென்று வந்ததா, மெதுவாகக் கூடியதா? தெரிந்த வழியில் தடுமாறுகிறாரா? கீழே விழுந்தாரா? இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்கிறாரா? தூக்கத்தில் கை காலை உதறுகிறாரா? இதெல்லாம் அதில் இருக்கட்டும். அம்மாவையும் கேட்டு எழுதுங்கள்; இரவில் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.

கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் மறக்காதீர்கள். சரியாகக் காதில் விழாத கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் அது மறதிக் கணக்கில் போய்விடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சீட்டில்லாமல் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்பா எதுவரை படித்தார் என்று சொல்லுங்கள்; மதிப்பெண்ணை அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். அவருக்குச் சரளமான மொழியிலேயே டெஸ்ட் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைக்கே முடிவு தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்தப் பரிசோதனை, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதித் தருவார்கள். ரத்தக் கசிவு, கட்டி, பக்கவாதத்தின் தடம், மூளைச் சுருக்கம் ஆகியவை ஸ்கேனில் தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்து டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த மதிப்பெண்ணும் அப்படித்தான். வயதுக்கு மீறிய லேசான மறதி என்று சொல்லி, சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லலாம். அந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் அது டிமென்ஷியாவாக முற்றுவதில்லை. முடிவைத் தன்னிடமே சொல்ல வேண்டுமா என்று அப்பாவிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கையாளுவது, வண்டி ஓட்டுவது பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பு முடியாத நேரத்தில் குழப்பம் கூடும். அன்று எடுத்த டெஸ்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.