மரையைத் தூக்கி வர எதை வாங்குவது? – வாங்குவோர் கேள்வி–பதில்

1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்ட மரை (சாம்பார் மான்), இன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிழக்கு மலைக்காடுகள் முழுவதும் பெருகிக் கிடக்கிறது. உரிமம் பெற்று அதை வேட்டையாடும் வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்கள் எல்லாமே, சுட்டு வீழ்த்திய விலங்கை வண்டி வரை கொண்டுவருவதற்காக வாங்கிய அல்லது வாங்கவிருக்கும் பொருள்களைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் மைத்துனரும் ஜேமீசன் பக்கத்துக் காடுகளுக்குப் போய் வருகிறோம். மரை எப்போதும் ஓடைப் பள்ளத்தில்தான் விழுகிறது. 4,500 டாலருக்குப் பழைய குவாட் பைக் (நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. “எந்தக் காட்டுக்குள்ளும் ஓட்டலாம், மரையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரலாம்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– டாண்டினாங் வாசகர்

பதில்: வேண்டாம். விக்டோரியாவின் பொதுக் காடுகளில் உள்ள மண்பாதைகளும் சட்டப்படி சாலைகள்தான். பதிவில்லாத வண்டியை அவற்றில் ஓட்டக்கூடாது, பதிவுள்ள வண்டியாக இருந்தாலும் பாதையை விட்டு இறங்கிச் சரிவில் ஓட்டக்கூடாது. இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கும் பொழுதுபோக்குப் பதிவு குவாட் பைக்குக்குக் கிடைப்பதில்லை. ஆகவே விற்பவர் சொல்லும் “எந்தக் காட்டுக்குள்ளும்” என்பதில் நீங்கள் போகும் காடே அடங்காது.

நண்பரின் பண்ணை நிலத்தில் ஓட்டுவதற்கு என்றால் கதை வேறு. அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 2021 அக்டோபர் 11 முதல், பொதுப் பயன்பாட்டுக்கான புதிய குவாட் பைக்குகளும் வெளிநாட்டிலிருந்து இறக்கப்படும் பழையவைகளும், வண்டி கவிழும்போது ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டகத்தோடுதான் விற்கப்பட வேண்டும். ஏற்கனவே இங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், உங்களுக்குக் காட்டப்பட்ட வண்டியில் அது இருக்காது என்றே நினைக்கிறேன். மரையின் பின்தொடை இரண்டை உயரமான ராக்கில் கட்டிவிட்டுச் சரிவில் குறுக்காகத் திரும்பினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை, வாங்கும் முன் வெறும் தரையில் நின்று யோசித்தாலே போதும். ராக் எவ்வளவு தாங்கும் என்று அதன் மேலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் படிக்காமல் பணத்தை எண்ண வேண்டாம்.

கேள்வி: குளிர்சாதன டிரெய்லர் ஒன்று வாங்கி, மிஞ்சும் மரை இறைச்சியைக் கடைகளுக்கு விற்றால் தவணை கட்டிவிடலாம் அல்லவா?
– கிரேகிபர்ன் வாசகர்

பதில்: பொழுதுபோக்கு வேட்டையில் கிடைத்த இறைச்சியை விற்க முடியாது, டிரெய்லர் வேண்டுமானால் உங்கள் சொந்தப் பணத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என் யூட்டின் (பின்புறம் திறந்த சரக்கு வண்டி) முன்புறம் பொருத்த வின்ச் (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் பொறி) பார்க்கிறேன். 9,500 இறாத்தல் ஒன்று, 12,000 இறாத்தல் ஒன்று. விலையில் 300 டாலர் வித்தியாசம். பெரிய ஆண் மரையை 200 மீட்டர் பள்ளத்திலிருந்து பாதைக்கு இழுக்க எது நல்லது?
– பெண்டிகோ வாசகர்

பதில்: இந்த வேலைக்கு இரண்டுமே ஆகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். வின்ச் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு.

உருளையில் ஒரே ஒரு சுற்று அடுக்கு மட்டும் மீதமிருக்கும்போது, அதாவது கயிறு ஏறக்குறைய முழுவதும் வெளியே இருக்கும்போது, கிடைக்கும் இழுவிசைதான் அந்த எண். கயிறு உள்ளே வர வர, அடுக்கின் மேல் அடுக்கு ஏறி உருளை பருக்கிறது; மோட்டாரின் முறுக்கு அப்படியே இருக்க, இழுவிசை மட்டும் குறைந்துகொண்டே போய், உருளை நிறையும்போது பெட்டியில் போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. அடுக்குக்கு அடுக்கு எவ்வளவு குறையும் என்ற அட்டவணையை உற்பத்தியாளர்கள் தருகிறார்கள். ஆனால் அதைப் பெட்டிக்கு வெளியே போடுவதில்லை, உள்ளே இருக்கும் கையேட்டில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். வாங்குபவர் கையேட்டைப் பார்ப்பது, பணம் கட்டி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான்.

அந்த விசை உங்களுக்குத் தேவையும் இல்லை. 12,000 இறாத்தல் என்பது 5,443 கிலோ. முழுதாய் வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டாலும், செங்குத்தான சரிவில் மண்ணோடு உரசி மேலே வர ஏறத்தாழ அதன் எடையளவு இழுவிசைதான் வேண்டும். ஐந்து டன் விசையால் இழுக்கும்போது மரையின் கொம்பு விழுந்த மரத்தில் மாட்டிக்கொண்டால், கொம்பு பிய்யும் அல்லது கயிறு அறும். இரண்டில் எதுவும் பக்கத்தில் நிற்பவருக்கு நல்லதல்ல. கீழே மரையின் அருகில் நின்று வழிப்படுத்துபவரை, மேலே ரிமோட்டைப் பிடித்திருப்பவர் பார்க்கவும் முடியாது.

உங்களுக்கு வேண்டியது நீளம். முன்புற வின்ச்சில் சுற்றியிருக்கும் கயிறு பெரும்பாலும் 30 மீட்டருக்குள்தான். மீதிக்கு நீட்டுக் கயிறுகளைக் கோத்து, ஒவ்வொரு 25 மீட்டருக்கும் நிறுத்தி, மரையை மரத்தில் கட்டி வைத்து, கழற்றி, மறுபடி மாட்டி இழுக்க வேண்டும். அதற்குள் பேட்டரி இளைத்துவிடும், ஏனென்றால் முழுச் சுமையில் இந்த மோட்டார்கள் 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சக்கூடியவை. இயந்திரத்தால்தான் இழுப்பேன் என்பவர்களுக்கு, மரத்தில் பட்டை கட்டி நிறுத்தும் சிறிய பெட்ரோல் வின்ச் உண்டு. அதில் கயிறு உருளையைச் சில சுற்றுகள் சுற்றி மறுபக்கம் வெளியேறிவிடும். அடுக்கு ஏறாததால் விசை குறையாது, கயிறு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் கத்தியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மரையை விழுந்த இடத்திலேயே தோலுரித்து, நான்கு கால்களையும் பிரித்து, முதுகிறைச்சியையும் கழுத்தையும் எடுத்து, பருத்தித் துணிப் பைகளில் போட்டுத் தூக்கி வருவதுதான் மலைநாட்டு வேட்டைக்காரர்கள் செய்வது. எலும்பு நீக்கினால் பெரிய ஆணிலிருந்து 70, 80 கிலோ இறைச்சி கிடைக்கும். ஆளுக்குச் சுமை 20 கிலோ என்றால் இருவர் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். முழுதாய் இழுத்து வரும் மரை, அந்த நேரமெல்லாம் தோலுக்குள் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும்; பின்தொடை எலும்பைச் சுற்றிய இறைச்சிதான் முதலில் கெடும், வெட்டிப் பார்க்கும் வரை அது தெரியவும் தெரியாது. பிளாஸ்டிக் பை சூட்டை உள்ளே அடைத்து வைப்பதால் அதுவும் கூடாது. சுமை இடுப்பில் அமரும்படி சட்டகம் வைத்த நல்ல முதுகுப் பை ஒன்று, நான் பார்த்த பெரும்பாலான வின்ச்சுகளை விட மலிவு. என் கொட்டகைச் சுவரில் தொங்கும் கைவின்ச்சும், மேட்டில் ஏற மறுத்து இறக்கத்தில் என்னை முந்திக்கொண்டு ஓடிய பிளாஸ்டிக் சறுக்குத் தட்டும், இந்தக் கணக்கைப் போடாமல் நான் வாங்கியவை.

வண்டி சேற்றில் புதைந்தால் மீள்வதற்கு வின்ச் வேண்டும் என்றால் வாங்குங்கள். முழுச் சுமையோடு வண்டி என்ன எடையோ அதன் ஒன்றரை மடங்கு என்பது பொதுக் கணக்கு.

கேள்வி: சந்தையில் 25 டாலருக்கு இழுவைப் பட்டை வாங்கினேன். லேபிள் எதுவும் இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது. நண்பரின் வண்டியின் இழுவைக் குமிழில் மாட்டி இழுக்கலாம்தானே?
– மெல்டன் வாசகர்

பதில்: கூடாது. இழுவைக் குமிழ் டிரெய்லருக்கானது. பட்டை சுண்டும் வேகத்தில் அது முறிந்து கண்ணாடியைத் துளைத்துப் போய் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வண்டி மீட்புப் பட்டைகளுக்கு இந்நாட்டில் கட்டாயப் பாதுகாப்பு விதி இருக்கிறது; அறுவிசையும் எச்சரிக்கையும் அச்சிடாத பட்டையை விற்பதே குற்றம். “கனமாக இருக்கிறது” என்பது அளவுகோல் அல்ல. பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, விற்ற கடையைப் பற்றி நுகர்வோர் துறைக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஜூலையில் லிகோலா பக்கம் போகவிருக்கிறேன். கேட் மூடிய பாதைகளுக்கு எந்தச் சேற்றுச் சக்கரம் பொருத்தம்?
– வாசகர்

பதில்: எந்தச் சக்கரமும் பூட்டிய கேட்டைத் திறக்காது. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை அந்தப் பாதைகளை மூடுவதே, உங்களுடையதைப் போன்ற சக்கரங்கள் அவற்றை உழுதுவிடாமல் இருப்பதற்காகத்தான். நடந்து போகத் தடையில்லை.

கேள்வி: வேட்டைக்கென்றே வின்ச், கூரை ராக், இறைச்சித் தொங்கல் எல்லாம் பொருத்திய, பதிவில்லாத பழைய யூட்டை 11,000 டாலருக்குத் தனியாரிடம் கைக்காசு கொடுத்து வாங்கினேன். அடிச்சட்டத்தில் விரிசல் என்கிறார் மெக்கானிக். வண்டியின் மேல் கடன் இருப்பதாக ஒரு நிதி நிறுவனமும் கடிதம் போட்டிருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஷெப்பர்டன் வாசகர்

பதில்: கடன் இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் தேடுவதற்கு இரண்டு டாலர். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு ஒரு காலை நேரம். 11,000 டாலரை எண்ணிக் கொடுத்தவர் இரண்டையும் செய்யவில்லை.

விரிசலுக்காக உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை; விற்பவர் தெரிந்தே மறைத்தார், பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் ஒழிய, பொருளின் தரத்துக்கான நுகர்வோர் உத்தரவாதம் தனியார் விற்பனைக்கு இல்லை. உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கியிருந்து, வண்டியும் பத்து ஆண்டுக்கு உட்பட்டதாகவும் 1,60,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடியதாகவும் இருந்தால் மூன்று மாத உத்தரவாதமாவது கிடைத்திருக்கும். ஆனால் கடன் விஷயத்தில் உங்கள் கை முழுவதும் கட்டப்படவில்லை. வெளியில் சொல்லாத கடன் எதுவும் பொருளின் மேல் இல்லை என்ற உத்தரவாதம் தனியார் விற்பனைக்கும் உண்டு. நிதி நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் முன், விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வின்ச்சைக் கழற்றி விற்கும் யோசனை இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: வண்டியின் பின்புற இழுவைக் குழாயில் செருகும் இறைச்சித் தாங்கியை, “கரடுமுரடான பாதையில் பெரிய விலங்குகளைக் கொண்டுவர” என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆஸ்திரேலிய இணையக் கடையில் வாங்கினேன். 225 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் உண்டு. இரண்டு தொடையும் ஐஸ் பெட்டியும் சேர்ந்து 90 கிலோதான் வைத்தேன். டார்கோவிலிருந்து திரும்பும்போது குழாயின் பற்றவைப்பு பிளந்து, தாங்கி பாதையில் உரசிக்கொண்டு வந்தது. “ஆஃப்-ரோடு பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை, திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது” என்கிறார்கள்.
– பேக்கன்ஹாம் வாசகர்

பதில்: உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. எதற்காக என்று விளம்பரம் செய்தார்களோ அதற்காகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஸ்டிக்கரில் போட்ட எடையில் பாதியைக்கூட ஏற்றவில்லை. சொன்ன பயனுக்குப் பொருந்த வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற சட்ட உத்தரவாதங்களை எந்தக் கடையும் தன் “நிபந்தனைகள்” பக்கத்தில் ஒரு வரி எழுதி நீக்கிவிட முடியாது. ஓடும் வண்டியிலிருந்து கழன்று பின்னால் வருபவர் மேல் விழக்கூடிய தாங்கி பாதுகாப்பற்ற பொருள். அது பெரிய குறைபாடு என்பதால், பணமா மாற்றுப் பொருளா என்று தேர்வு செய்வது நீங்கள், கடை அல்ல. இவ்வளவு பெரிய பொருளைத் திருப்பி அனுப்பக் கணிசமான செலவாகும் என்றால், அதை எடுத்துப் போகும் செலவும் அவர்களுடையது.

விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றும் முன் இன்றே படம்பிடித்து வையுங்கள். பிளந்த பற்றவைப்பையும் ஸ்டிக்கரையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கு அறிக்கை போதும். பதினான்கு நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறை, அதற்கும் மசியாவிட்டால் விகேட் (VCAT) எனும் மாநிலத் தீர்ப்பாயம். அட்டையில் கட்டியிருந்தால், பணத்தைத் திரும்ப இழுக்கும்படி வங்கியையும் இதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு. தாங்கியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். உள்ளூர்ப் பட்டறையில் மறுபடி பற்றவைத்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், பிறகு பிளந்தது யாருடைய வேலை என்ற வாதம் வரும்.