நாலரை மணிக்கு எழுந்திருப்பவர்

கேள்வி: சென்னையில் ஒன்பதாவது மாடியில் வசிக்கிறோம். இந்த ஆண்டாவது ஐப்பசி மழையையும் மார்கழிப் பனியையும் வீட்டிலிருந்தே அனுபவிக்க ஆசைப்பட்டு, மஞ்சள் சரவிளக்கு, வாசனை மெழுகுவர்த்தி, கனமான திரைச்சீலை எல்லாம் வாங்கினேன். இரண்டே நாளில் அலுத்துவிட்டது. கணவரும் பத்து வயது மகளும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்ற ஆண்டு எங்களோடு வந்துவிட்ட அத்தை, நாலரை மணிக்கே எழுந்து, எங்கள் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்; மற்றவர்கள் எட்டு மணிக்குத்தான் எழுவோம். பருவம் மாறுவதை வீட்டில் உணர இன்னும் என்ன வாங்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இனி ஒன்றும் வாங்காதீர்கள். திரைச்சீலையைப் பற்றி எழுதிய அதே மூச்சில், உங்கள் மாமியார் இருட்டில் உட்கார்ந்திருப்பதையும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் கடைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

நாலரை மணிக்கு அவர் ஏன் எழுகிறார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? வயதானால் தூக்கம் வராது என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அது வாசல் தெளிக்கும் நேரம். சாணம் கரைத்துத் தெளித்து, பனி இறங்கும் மார்கழியில் புள்ளி வைத்து, கோலத்தின் நடுவே பரங்கிப்பூ வைத்துப் பழகிய உடம்பு, தெருவாசல் இல்லாத வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது; எழுந்த பின் செய்ய ஒன்றுமில்லாமல் மூன்றரை மணி நேரம் இருட்டில் காத்திருக்கிறது. பெற்ற மகன் வீட்டில் ஒரு சுவிட்சைத் தட்டத் தயங்குபவர் அங்கே விருந்தாளியாகக்கூட நடத்தப்படவில்லை. இதில் முதல் குற்றவாளி உங்கள் கணவர். தாயை அழைத்து வந்ததோடு தன் கடமை முடிந்துவிட்டதென்று நினைக்கும் மகன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

நீங்கள் தேடும் கூதிரும் முன்பனியும் உங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அந்த மழையில் சம்பாப் பயிர் தலைதூக்குமா, தண்ணீரில் நின்று அழுகுமா என்று ஐப்பசிதோறும் வானத்தைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவரிடம், இன்று காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

நாளைக் காலை நீங்களும் நாலரைக்கு எழுந்து கூடத்து விளக்கைப் போடுங்கள். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு இருவருக்கும் காபி வையுங்கள். அவரை வைக்கச் சொல்லாதீர்கள், ஏனெனில் நான் சொல்வது அவரிடம் வேலை வாங்குவதை அன்று. மார்கழி பிறந்ததும் கதவுக்கு வெளியே அவருக்கு ஒரு நாற்காலியும் தோளுக்கு ஒரு போர்வையும் கொடுத்து, அவர் புள்ளிக் கணக்குச் சொல்ல, மகள் அரிசி மாவில் கோலமிடட்டும். பள்ளி நாளில் அவ்வளவு சீக்கிரம் எழுந்தால் குழந்தைக்குத் தூக்கம் போதாதே என்பீர்கள். இரவு ஏழரை மணிக்கே படுக்க வைத்தால் போதும்.

அதற்கு முன்பே கார்த்திகை வருகிறது. பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும், அந்த ஒலியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, அத்தையின் காதுக்குத்தான் அது தெரியும். புது அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயை அவையே குடித்துவிடும். அந்த நாட்களில் சென்னையில் 5.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், உங்கள் கணவர் அன்று அலுவலகத்திலிருந்து ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஊரில் நிலைப்படி, கிணற்றடி, தொழுவம், குப்பைமேடு என்று ஓர் இடம் விடாமல் விளக்கு வைத்தவர் அவர் தாய். இந்த வீட்டில் எங்கெங்கே வைப்பது என்பதை அவரே சொல்லட்டும். முதல் அகலையும் அவரே ஏற்றட்டும்.