தட்டுவடை செட்டும் சிவப்புப் பொட்டும்: ஓவியக் கண்காட்சி கேள்வி பதில்

அஸ்தம்பட்டியில் இரண்டே அறை உள்ள ஒரு கேலரியைப் பதினோரு வருடமாக நடத்தி வருகிறேன். கண்காட்சி வைக்க நினைக்கும் சேலம், ஏற்காடு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, என் முதல் கண்காட்சி. ஹால் 20 அடிக்கு 15 அடி. கையில் 60 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாட்டிவிடலாமா? (சூரமங்கலம்)

வேண்டாம் தம்பி. சுற்றளவு 70 அடி. கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு போக 55 அடி சுவர் தேறும். இரண்டடி அகலப் படத்துக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டால் பதினைந்து படம்தான் வரும். மீதியை வீட்டில் வை, யாராவது கேட்டால் எடுத்துக் காட்டு.

உயரத்தில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். சாமி படத்தையும் தாத்தா படத்தையும் நிலைவாசலுக்கு மேலே மாட்டிப் பழகிய கை, ஓவியத்தையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும். மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் நிறுத்தாதே, நடுப்புள்ளிகளை நிறுத்து.

திறப்பு விழாவை ஞாயிறு மாலை 5 மணிக்கு வைக்கலாமா சார்? அன்றுதான் எல்லோருக்கும் லீவு. (ஃபேர்லேண்ட்ஸ்)

ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், சிறப்பு விருந்தினருக்கு இருக்கும். ஒருமுறை நானும் இதைக் கவனிக்காமல் அழைப்பிதழ் அடித்துவிட்டேன். விருந்தினர் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருந்து ஆறு மணி தாண்டித்தான் இறங்கினார். அதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் சனிக்கிழமை மாலைக்கு மாறிவிட்டேன்.

ஆடி மாதம் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊரின் கவனம் வேறெங்கும் திரும்பாது, திரும்பவும் வேண்டாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். குத்துவிளக்கைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாசலோரம் வையுங்கள். பொன்னாடை, பேச்சு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும். எங்கள் ஹாலில் அன்றைக்கு நாற்காலியே போடுவதில்லை. நாற்காலி போட்டால் மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பேச்சு முடிந்ததும் ஓவியரே முன்னால் நடந்து நாலு படத்தைப் பற்றிப் பேசட்டும், கூட்டம் தானாகப் பின்னால் வரும்.

வருகிறவர்களுக்குச் சாப்பிட என்ன கொடுப்பது? தட்டுவடை செட் போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். (செவ்வாய்ப்பேட்டை)

சேலத்துக்காரர்களுக்கு அதைவிட நல்ல வரவேற்பு கிடையாதுதான். ஆனால் இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்த பீட்ரூட்டும் சட்னியும் ஒழுகுகிற தட்டோடு வெள்ளைச் சுவர்ப் பக்கம் யாரையும் விடக்கூடாது. செட் வேண்டுமானால் வெளி முற்றத்தில். உள்ளே என்றால் வெறும் தட்டுவடை. காபியும் வெளியேதான்.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் ஹாலை அக்டோபரில் பத்து நாளைக்குக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் வாட்டர் கலர். கவனிக்க வேண்டியது என்ன? (ஏற்காட்டிலிருந்து ஓர் அக்கா)

அக்கா, முதலில் ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக் காலம், பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வரும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி ஹாலில் வையுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள், உள்சுவர் மட்டும். ஃபிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மவுண்ட் அட்டை, அதாவது ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, அமிலமில்லாததாக இருக்கட்டும். சாதா அட்டை கொஞ்ச வருடத்தில் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும்.

அடுத்தது பயணம். சேலத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்ட ஃபிரேம் என்றால் பயமில்லை. கண்ணாடிதான் என்றால் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. படங்களைப் படுக்க வைத்து அடுக்காமல், நிற்க வைத்து, முகத்துக்கு முகம் பார்க்க அடுக்குங்கள். கேன்வாஸ் படம் இருந்தால் பபிள் ராப்பை நேராகப் பெயிண்ட்மேல் சுற்றக் கூடாது, சேலத்து வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் இளகிக் குமிழ் அச்சு பதிந்துவிடும். முதலில் வழவழப்பான கிளாசின் தாள், அப்புறம் பபிள்.

விளக்கு: வாட்டர் கலருக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்களின் கணக்கு. பத்து நாளைக்கு அவ்வளவு கறார் தேவையில்லை, நேர் வெயில் மட்டும் படாமல் பாருங்கள்.

கோடை விழாக் கூட்டத்தை விட்டுவிட்டு அக்டோபரைப் பிடித்ததும் நல்லதுதான். மே மாதக் கூட்டம் மலர்க் காட்சிக்கும் ஏரிக்கும் வருவது. உள்ளே வந்தாலும் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடும்.

கேலரி எவ்வளவு கமிஷன் எடுக்கும்? சிவப்புப் பொட்டு என்றால் என்ன? (அம்மாப்பேட்டை)

பொதுவாக விற்ற விலையில் 30 முதல் 50 சதவீதம். ஃபிரேம் செலவு யாருடையது, விற்ற பணம் எத்தனை நாளில் வரும் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை எப்போதும் அங்கேதான் வரும். லேபிளில் சிவப்புப் பொட்டு ஒட்டினால் விற்றுவிட்டது என்று அர்த்தம். விற்காமலே அழகுக்கு நாலு பொட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. சின்ன ஊரில் மறுநாளே தெரிந்துவிடும், செய்யாதீர்கள். ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய கணக்கில் பில் போட்டுவிடாதீர்கள்.

என் படத்தை வாங்கியவர் அதைத் தன் கடைக் காலண்டரில் அச்சடித்துவிட்டார். கேட்டால் "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்கிறார். (ஓமலூர்)

அவர் வாங்கியது படத்தை, பதிப்புரிமையை அல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுக்காத வரை அது ஓவியரிடமே இருக்கும், ஆயுள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும். முதலில் நோட்டீஸ் வேண்டாம், நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்வதுதான். இனிமேல் ரசீதிலேயே "மறு அச்சு உரிமை ஓவியருக்கு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வாங்குகிற வசதி இல்லை. சும்மா பார்க்க வரலாமா ஐயா? (கொண்டலாம்பட்டி)

தாராளமாக வாங்க. திறப்பு நாளில் வராதீர்கள், நெரிசலில் ஒன்றும் தெரியாது. செவ்வாய், புதன் மாலை வந்தால் ஹாலில் நானும் மின்விசிறியும்தான் இருப்போம். காபி உண்டு.